சிறுநீர்வழிச் சுருக்கமும் கழற்றி எடுக்கும் ஸ்டென்ட்டும்: ஒரு வரலாறு

ஆண்களின் சிறுநீர்வழியில் தழும்பு ஏற்பட்டுப் பாதை குறுகிப்போவது சிறுநீர்வழிச் சுருக்கம் எனப்படும். மருத்துவர்கள் இதை ஸ்ட்ரிக்சர் என்பர். இது புற்றுநோய் அன்று. ஆயினும் ஒருமுறை வந்தால் எளிதில் விட்டுப்போகாத நோய். குறுகிய பாதையைத் திறந்தே வைத்திருக்கச் சில மாதங்களுக்கு உள்ளே பொருத்தி, பின்னர் வெளியே எடுத்துவிடும் சுருள் குழாய் கழற்றி எடுக்கும் ஸ்டென்ட் ஆகும். இது 1990களில் பரவிய கருவி என்றாலும், அதன் பின்னுள்ள எண்ணம் மிகப் பழையது. குழாயை உள்ளே வைப்பது எப்படி என்பதை மருத்துவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். அதை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்பதே அவர்கள் தவறிழைத்துத் தவறிழைத்துக் கற்ற பாடம். இக்கட்டுரை அந்தப் பாடத்தின் வரலாற்றைக் கூறுகிறது.

நோயின் இயல்பு

சிறுநீர்ப்பையிலிருந்து ஆண்குறியின் நுனி வரை செல்லும் பாதைக்கு யூரித்ரா என்று பெயர். வளர்ந்த ஆணுக்கு இது ஏறத்தாழ 18 முதல் 20 செ.மீ. நீளம் இருக்கும். இதன் சுவரில் காயம், தொற்று, அழற்சி ஏதேனும் ஏற்பட்டு ஆறும்போது தழும்புத் திசு உருவாகிறது. தழும்பு காலப்போக்கில் இறுகும் தன்மை உடையது. கையில் ஏற்பட்ட தீக்காயம் ஆறியபின் தோல் சுருங்கி விரலை மடக்கிவிடுவதைப் பலரும் பார்த்திருப்பர். அதே சுருக்கம் ஒரு குழாய்க்குள் நடந்தால் குழாய் அடைபடுகிறது.

குழாயின் ஆரம் பாதியானால் அதன் வழியே பாயும் நீர்மத்தின் அளவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது பள்ளி இயற்பியலில் வரும் புவாசேயின் விதி. சிறுநீர்வழி வளையும் தன்மையுள்ள உயிருள்ள குழாய் என்பதால் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. எனினும் சிறிதளவு சுருக்கம்கூட ஏன் பெருந்துன்பம் தருகிறது என்பதை அது விளக்கும். சிறுநீர் மெலிந்த தாரையாக வரும், இரண்டாகப் பிரிந்து விழும், முக்கி முக்கிக் கழிக்க வேண்டிவரும், கழித்து முடித்த பின்னும் சொட்டும். கவனிக்காமல் விட்டால் அடிக்கடி தொற்று, சிறுநீர்ப்பையில் கல், முற்றிலுமான நீரடைப்பு, இறுதியில் சிறுநீரகப் பாதிப்பு என்று நோய் வளரும்.

பென்சிலின் புழக்கத்துக்கு வந்த 1940களுக்கு முன் இந்நோய்க்குப் பெருங்காரணமாக இருந்தது வெட்டை நோய் என்னும் கொனோரியா. அதனால் சுருக்கம் என்றாலே ஒழுக்கக்கேட்டின் விளைவு என்ற எண்ணம் படிந்துவிட்டது. இன்றைய காரணங்கள் வேறு. சாலை விபத்தில் இடுப்பெலும்பு முறிதல், உயரத்திலிருந்து விழும்போது கவட்டையில் அடிபடுதல், லைக்கன் ஸ்கிளிரோசிஸ் என்னும் தோல் நோய், மருத்துவமனையில் செலுத்தப்படும் டியூப், புராஸ்டேட் அறுவையின்போது உள்ளே செல்லும் கருவிகள் ஆகியன முக்கியமானவை. ஆயினும் பழைய பழி இன்னும் நீங்கவில்லை. பலர் மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் முக்கிக்கொண்டே நாளைக் கடத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டாசு வட்டாரத்தில் ஒரு காரணம்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் என விரியும் பட்டாசு வட்டாரத்தில் வெடிவிபத்து என்ற சொல் பழகிப்போனது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய விபத்தில் உடலின் பெரும்பகுதி வெந்தவர்களுக்கு முதல் சில நாட்களில் நரம்பு வழியே நீர்மம் ஏற்றுவதே உயிர்காக்கும் சிகிச்சை. ஏற்றும் அளவு போதுமா என்பதை அறிய, மணிக்கு எத்தனை மில்லி லிட்டர் சிறுநீர் வெளியேறுகிறது என்று அளக்க வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி லிட்டர் என்பது பெரியவர்களுக்கான பொதுவான இலக்கு. அதற்காகவே சிறுநீர்ப்பைக்குள் ஃபோலி கதீட்டர் வைக்கப்படுகிறது.

அந்த டியூப் இல்லாமல் பெருந்தீக்காய நோயாளியைக் காப்பது கடினம். ஆனால் அது நாட்கணக்கில் உள்ளே கிடக்கும்போது சுவரை அழுத்தலாம், உரசலாம், அழற்சி உண்டாக்கலாம். சிலருக்கு மாதங்கள் கழித்துச் சுருக்கம் தோன்றலாம். தீக்காய வார்டு மட்டுமன்றி, இதய அறுவை, மூளைக் காயம், முதுகெலும்பு முறிவு என எங்கெல்லாம் நீண்டநாள் டியூப் தேவைப்படுகிறதோ அங்கெல்லாம் இந்த வாய்ப்பு உண்டு. உள்ளே வைக்கப்பட்ட குழாய் உயிரையும் காக்கிறது, தழும்பையும் உண்டாக்கலாம். ஸ்டென்ட்டின் வரலாறு முழுவதிலும் இந்த முரண் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

சுசுருத சங்கிதையின் இருமுகக் குழாய்

ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் சுசுருத சங்கிதை, நிருத்தப்பிரகசம் என்னும் நோயைப் பேசுகிறது. இன்றைய மருத்துவ நூலோர் இதை முன்தோல் இறுக்கம், சிறுநீர்த்துளைச் சுருக்கம் ஆகியவற்றோடு ஒப்பிடுவர். இதற்குச் சிகிச்சையாக இருபுறமும் வாயுள்ள குழாயை உள்ளே வைக்கும்படி நூல் கூறுகிறது. குழாய் இரும்பு, மரம், அரக்கு ஆகியவற்றுள் ஒன்றால் ஆனதாக இருக்கலாம். அதில் நெய் தடவ வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை முன்னதைவிடப் பருத்த குழாயாக மாற்றிக்கொண்டே வந்து பாதையைப் பெருக்க வேண்டும். அது பயன்தராவிட்டால் தையல் போன்ற நடுக்கோட்டைத் தவிர்த்து அறுத்து, புதுக்காயத்துக்குரிய மருத்துவம் செய்ய வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கம்பியால் குத்தி விரித்துவிட்டு உடனே எடுத்துவிடாமல், குழாயை உள்ளேயே தங்கவிடுவது. இரண்டாவது, இருபுறமும் வாய் இருப்பதால் சிறுநீர் தடையின்றிப் போகும். மூன்றாவது, குறித்த நாளில் அதை எடுத்துவிட்டு மாற்றுவது. தற்காலிகமாகத் தங்கிப் பாதையைத் தாங்கும் குழாய் என்ற கருத்து இதில் தெளிவாக இருக்கிறது. இதை நவீன ஸ்டென்ட் என்று சொல்லிவிட முடியாது. அந்நூல் பேசுவது பெரும்பாலும் வாயிற்புறத்து அடைப்பையே. ஆனால் வைத்தல், காத்திருத்தல், எடுத்தல் என்ற மூன்று படிகளும் அதில் உண்டு.

மெழுகும் வெள்ளியும்

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக நடந்தது விரிப்பு முறை. மெழுகு தோய்த்த துணித்திரியை உருட்டிச் செய்த மெல்லிய குச்சிகளை உள்ளே செலுத்திப் பாதையை விரித்தனர். பூஜி என்று இவற்றுக்குப் பெயர். பிரெஞ்சில் அச்சொல்லுக்கு மெழுகுத்திரி என்பது பொருள். அல்ஜீரியாவில் மெழுகு வாணிபத்துக்குப் பேர்போன பூஜி என்ற துறைமுகத்திலிருந்து அப்பெயர் வந்தது.

18ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ழான் ழாக் ரூசோ சிறுநீர்க் கோளாறால் வாழ்நாள் முழுதும் துன்புற்றவர். பாரிசில் தாரான் என்ற மருத்துவர் செய்த பூஜிகளை அவர் பயன்படுத்தினார். ஆயுள் முழுவதற்கும் போதுமென்று நினைத்துப் பெருந்தொகை கொடுத்து ஏராளமாக வாங்கிச் சேமித்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். பிற்காலத்தில் அவர் ஆர்மீனியர் அணியும் தளர்ந்த நீள அங்கிக்கு மாறியதற்கும் இத்தொல்லையே காரணம். உலகறிந்த எழுத்தாளரின் உடையையே மாற்றிய நோய் இது.

1752இல் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின், சிறுநீர்ப்பைக் கல்லால் அவதியுற்ற தம் அண்ணன் ஜானுக்காக வளையும் வெள்ளி கதீட்டர் ஒன்றைச் செய்வித்தார். 19ஆம் நூற்றாண்டில் பாரிசின் கருவி செய்வோரான சாரியேர், குழாய்களின் பருமனை அளக்க ஓர் அளவுமுறை வகுத்தார். மூன்றில் ஒரு மில்லி மீட்டர் என்பது அதில் ஓர் அலகு. இன்று மருந்துக்கடையில் 16, 18 என்று எண் சொல்லி வாங்கும் கதீட்டரின் எண் அந்த அளவே. 18 என்றால் வெளிவிட்டம் 6 மி.மீ. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறை வந்தபின் மென்மையான கதீட்டர்கள் பரவின. 1930களில் அமெரிக்கரான பிரெடரிக் ஃபோலி, நுனியில் பலூன் ஊதி உள்ளேயே நிற்கும் கதீட்டரை உருவாக்கினார்.

விரிப்பு முறையின் குறை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விரித்த பாதை மீண்டும் சுருங்கும். தழும்பைக் கிழித்து விரிப்பதால் புதிய காயம் உண்டாகிறது, அது ஆறும்போது மேலும் தழும்பு உண்டாகிறது. நோயாளி மாதந்தோறும், ஆண்டுதோறும் மருத்துவரிடம் திரும்பிவர வேண்டியிருந்தது.

கத்தியும் கண்ணாடியும்

அறுத்துத் திறந்தால் நிலைக்குமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. 1850களில் பாரிசின் மெசோன்னேவும் 1870களில் நியூயார்க்கின் ஓட்டிசும் உள்ளே செலுத்தி வெட்டும் கருவிகளைச் செய்தனர். அவை கண்ணால் பாராமல் வெட்டியவை. 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹான்ஸ் சாக்சே, தொலைநோக்கிக் குழாய் வழியே சுருக்கத்தைப் பார்த்தபடியே மெல்லிய கத்தியால் கீறும் முறையைக் கொண்டுவந்தார். ஆப்டிகல் யூரித்ரோடமி எனப்படும் இது விரைவில் உலகமெங்கும் பரவியது. மேலே தையல் இல்லை, ஓரிரு நாளில் வீடு திரும்பலாம்.

ஆனால் காலம் செல்லச் செல்லக் கணக்கு வேறாக வந்தது. 1996இல் ரோம் நகர மருத்துவர்கள் 224 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், 68 சதவீதம் பேருக்குச் சுருக்கம் திரும்பியது. நீளம் குறைந்த, முதல்முறை வந்த சுருக்கத்துக்கு இம்முறை நன்று. திரும்பத் திரும்பக் கீறுவதால் பெரும்பயன் இல்லை. அப்படியானால் கீறித் திறந்த இடத்தைச் சுருங்கவிடாமல் ஏதாவது தாங்கிப் பிடித்தால் என்ன? இங்கேதான் ஸ்டென்ட் வருகிறது.

ஸ்டென்ட் என்னும் பெயர்

இதய நோயோடு சேர்த்தே நாம் கேட்டுப் பழகிய இச்சொல் ஒரு பல் மருத்துவரின் பெயர். லண்டனைச் சேர்ந்த சார்லஸ் ஸ்டென்ட் 1856இல் பல் அச்சு எடுப்பதற்கான பசைப் பொருளை மேம்படுத்தினார். முதல் உலகப்போர்க் காலத்தில் டச்சு அறுவை மருத்துவர் யோஹன்னஸ் எசர், முகக்காயங்களில் ஒட்டிய தோல் அசையாமல் பிடிப்பதற்கு அப்பொருளால் அச்சுகள் செய்தார். ஆறும்வரை திசுவைத் தாங்கிப் பிடிக்கும் பொருள் என்ற பொதுப்பொருள் அதிலிருந்து பிறந்தது. காயம் ஆறியதும் அந்த அச்சு எடுக்கப்பட்டுவிடும். எனவே தொடக்கத்தில் ஸ்டென்ட் என்றாலே தற்காலிகமானது என்றே பொருள்.

1980இல் ஜெர்மனியின் ஃபாபியான், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைபட்டு அறுவையும் தாங்கமுடியாத முதியவர்களுக்காக ஓர் உலோகச் சுருளை உருவாக்கினார். முழு டியூப்புக்குப் பதிலாக அடைப்புள்ள இடத்தில் மட்டும் நிற்பதால் அதைப் பகுதிக் கதீட்டர் என்று அழைத்தார். சிறுநீர்வழியில் ஸ்டென்ட் வைக்கும் காலம் அதிலிருந்து தொடங்கியது.

நிலையாக வைத்த வலை

1986இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் இதயத் தமனிக்குள் முதன்முதலாக ஸ்டென்ட் வைக்கப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் வால்ஸ்டென் வடிவமைத்த, எஃகுக் கம்பிகளைப் பின்னிய வலைக்குழாய் அது. அதே வகை வலையை லண்டனில் யூவன் மில்ராயும் அவரது குழுவினரும் சிறுநீர்வழிச் சுருக்கத்தில் வைத்து, 1988இல் லான்செட் இதழில் எழுதினர். யூரோலூம் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

அதன் அடிப்படை எண்ணம் இது: வலையின் இடைவெளிகள் வழியே சிறுநீர்வழியின் உள்தோல் வளர்ந்து கம்பிகளை மூடிவிடும். பிறகு உலோகத்தில் சிறுநீர் படாது, கல் படியாது, வலை சுவரின் ஒரு பகுதியாகிவிடும். இரத்தக் குழாயில் அப்படித்தான் நடந்தது. முதல் சில ஆண்டுகளில் சிறுநீர்வழியிலும் முடிவுகள் நம்பிக்கை அளித்தன.

பத்தாண்டு கழித்து நிலை மாறியது. தழும்புத் திசு வலையின் இடைவெளிகள் வழியே உள்ளே வளர்ந்து பாதையை மீண்டும் அடைத்தது. சிலருக்குக் கம்பியில் உப்புப் படிந்தது. சிலருக்கு உட்காரும்போதும் உடலுறவின்போதும் வலி. சிறுநீர் கழித்தபின் சொட்டுவது பலருக்கும் நின்றபாடில்லை. இவை எல்லாவற்றையும்விடக் கொடியது வேறொன்று. உள்தோல் மூடிவிட்ட வலையை எளிதில் எடுக்க முடியவில்லை. பலருக்கு வலையோடு சேர்த்துச் சிறுநீர்வழியின் ஒரு துண்டையே அறுத்தெடுத்து, அதன்பின் புதுவழி அமைக்க வேண்டியதாயிற்று. எது வலையின் வெற்றி என்று எண்ணப்பட்டதோ அதுவே நோயாளிக்குப் பொறியானது. யூரோலூம் பின்னர் சந்தையிலிருந்து மறைந்தது.

இரத்தக் குழாய்க்கும் சிறுநீர்வழிக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் இங்கே நினைவிற்கொள்வது நல்லது. இதயத் தமனியின் அடைப்பு பெரும்பாலும் உட்சுவரில் படிந்த கொழுப்பாலானது. சிறுநீர்வழியின் அடைப்பு சுற்றியுள்ள பஞ்சு போன்ற திசுவிலும் ஊடுருவிய தழும்பு. ஒரு குழாயில் வென்ற கருவி இன்னொரு குழாயிலும் வெல்லும் என்று கருதியதே பிழையின் தொடக்கம்.

எடுக்கவே செய்த சுருள்

நிலையான வலை பரவிவந்த அதே காலத்தில் வேறொரு சிந்தனையும் வளர்ந்தது. இஸ்ரேலின் டேனியல் யாச்சியா, பேயாருடன் இணைந்து 1991இல் தற்காலிகச் சுருள் ஸ்டென்ட் பற்றிய முதல் அறிக்கையை வெளியிட்டார். காயம் ஆறித் தழும்பு முதிர்வதற்குச் சில மாதங்கள் தேவை. அதுவரை பாதையைத் தாங்கிப் பிடித்துவிட்டு, உள்தோல் மூடுவதற்கு இடம்கொடாமல் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. நெருக்கமாகச் சுற்றிய சுருளில் வலையைப்போல் பெரிய இடைவெளிகள் இல்லை. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் சுருள் பிரிந்து கம்பியாக வெளியே வரும்.

இதற்கு ஏற்ற உலோகம் நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால். 1959 முதல் அமெரிக்கக் கடற்படையின் போர்த்தளவாட ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் இக்கலவையை ஆராய்ந்துவந்தார். விசிறிபோல் மடிக்கப்பட்ட ஒரு பட்டையைக் கூட்டத்தில் அனைவரும் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் தம் சுங்கான் பற்றவைக்கும் லைட்டரின் தீயை அதில் காட்டினார். பட்டை தானாக நிமிர்ந்து பழைய வடிவத்துக்கு வந்தது. சூட்டில் தன் பழைய வடிவை நினைவுகூரும் உலோகம் என்று அது புகழ்பெற்றது.

டென்மார்க்கில் உருவான மெமோகாத் இந்தப் பண்பைப் பயன்படுத்துகிறது. ஸ்டென்ட்டை உரிய இடத்தில் நிறுத்தி ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர்மத்தைச் செலுத்தினால் அதன் முனை விரிந்து பிடித்துக்கொள்ளும். எடுக்க வேண்டிய நாளில் 10 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த நீர்மத்தைச் செலுத்தினால் உலோகம் நூல்போல் மென்மையாகிவிடும். அப்படியே இழுத்து எடுத்துவிடலாம். பின்னர் வந்த அல்லியம் வகையில் நிட்டினால் கம்பிகள் முழுவதும் பாலிமர் உறையால் மூடப்பட்டிருக்கும். உறை இருப்பதால் திசு உள்ளே வளர வழியில்லை.

இது எவ்வளவு பயன் தருகிறது? 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில் மீண்டும் மீண்டும் சுருக்கம் வந்த 92 ஆண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். 63 பேருக்குப் பாதையை விரித்தோ கீறியோ திறந்தபின் மெமோகாத் வைக்கப்பட்டது. 29 பேருக்கு விரிப்போ கீறலோ மட்டும். ஸ்டென்ட் வைத்தோருக்குப் பாதை திறந்திருந்த இடைநிலைக் காலம் 292 நாட்கள். மற்றவர்களுக்கு 84 நாட்கள். வேறுபாடு பெரிது. ஆனால் இந்த எண்களைச் சரியாகப் படிக்க வேண்டும். ஸ்டென்ட் நோயை அகற்றவில்லை, அது திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டது.

எல்லா இடத்திலும் இதை வைக்க முடியாது என்பதும் முக்கியம். சிறுநீரை அடக்கும் சுருக்குத் தசைக்கு அருகில் வைத்தால் கட்டுப்பாடின்றி ஒழுகலாம். ஆண்குறிப் பகுதியில் வைத்தால் விறைப்பின்போது வளைந்து வலி தரும். ஆகவே கவட்டைப் பகுதியில் உள்ள பல்பார் யூரித்ராவே இதற்குரிய இடம். அங்கும் இடம் நகர்தல், உப்புப் படிதல், தொற்று ஆகிய தொல்லைகள் வரக்கூடும். குறித்த நாளில் வந்து எடுத்துக்கொள்ளாமல் மறந்துபோனால் நிலையான வலையின் துன்பமே மீண்டும் வரும்.

தானே கரையும் குழாய்

1980களின் தொடக்கத்தில் பின்லாந்தில் இதய அறுவை செய்துகொண்ட ஆண்களுக்குச் சிறுநீர்வழிச் சுருக்கம் அலையலையாக வந்தது. ஆராய்ந்தபோது லேட்டக்ஸ் கதீட்டரிலிருந்து கசிந்த நச்சுப் பொருட்கள் காரணமெனத் தெரிந்தது. இவ்வாய்வில் ஈடுபட்ட மார்ட்டி தால்யா, 1990களில் பாலிலாக்டிக் அமிலத்தால் ஆன சுருள் ஸ்டென்ட்டுகளைச் சோதித்த குழுவிலும் இருந்தார். கரையும் தையல் நூலைப்போல இவை சில மாதங்களில் தாமே சிதையும், எடுக்க வர வேண்டியதில்லை. ஆனால் கரையும்போது துண்டுகளாக உடைந்து அடைக்கும் சிக்கலும் இருந்ததால் அன்றாட மருத்துவத்தில் இன்னும் வேரூன்றவில்லை. உள்ளே தங்கும் பொருள் எதனால் ஆனது என்ற கேள்வியும், அது எத்தனை நாள் தங்குகிறது என்ற கேள்வியும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதை அவர் பணி காட்டியது.

கன்னத்தின் உள்தோல்: இந்தியாவின் பங்கு

இந்தியச் சிறுநீரியல் சங்கம் 1961இல் இந்திய அறுவை மருத்துவர் சங்கத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இத்துறையை முன்னெடுத்த தொடக்ககால நிறுவனங்களுள் ஒன்று. ஆனால் சுருக்க நோயில் இந்திய மருத்துவர்கள் உலகறியப் பங்களித்தது ஸ்டென்ட்டில் அன்று, சீரமைப்பு அறுவையில்.

யூரித்ரோபிளாஸ்டி எனப்படும் இவ்வறுவையில் குறுகிய பகுதியை வெட்டியெடுத்து முனைகளை இணைப்பர். அல்லது பாதையை நீளவாக்கில் திறந்து, வேறிடத்து உள்தோலை ஒட்டி அகலப்படுத்துவர். கன்னத்தின் உட்புறத் தோல் இதற்கு மிகப் பொருத்தமானது. எப்போதும் ஈரத்தில் இருந்து பழகியது, முடி முளைக்காது, எடுத்த இடம் விரைவில் ஆறும். 1941இல் லண்டனின் கிரஹாம் ஹம்பி இதைப் பயன்படுத்தினார். பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டிருந்த இம்முறை 1990களில் மீண்டும் எழுந்தது. ஆக்ராவின் ஹரி அசோபா, சிறுநீர்வழியைச் சுற்றிலும் பிரித்தெடுக்காமல் முன்புறமாகத் திறந்து பின்சுவரில் ஒட்டுத்தோல் பதிக்கும் எளிய முறையை 2001இல் வெளியிட்டார். அது அசோபா முறை என்றே உலகப் பாடநூல்களில் வழங்குகிறது. புனேயின் சஞ்சய் குல்கர்னி, முழு நீளத்துக்கும் பரவிய சுருக்கத்தை ஒரே அறுவையில் சீரமைக்கும் முறையை வளர்த்தார். அதைக் கற்க வெளிநாட்டு மருத்துவர்கள் புனே வருகின்றனர்.

தேர்ந்த கைகளில் யூரித்ரோபிளாஸ்டியின் நெடுங்கால வெற்றி 80 முதல் 90 சதவீதம் வரை. இதற்கு ஒரு தடை நம் நாட்டில் உண்டு. புகையிலை, குட்கா, பாக்கு மெல்லுவோரின் கன்னத்தோல் இறுகி வெளுத்து, ஒட்டுவதற்கு உதவாமல் போய்விடுகிறது. அப்போது நாக்கின் அடித்தோலை எடுக்க நேரிடும்.

இன்றைய நிலை

ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த நீண்ட வரலாற்றைச் சில வரிகளில் முடிக்கிறது. நிலையான ஸ்டென்ட் வைக்க வேண்டாம் என்று அது உறுதியாகக் கூறுகிறது. தற்காலிக ஸ்டென்ட்டை, பல்பார் பகுதியில் மீண்டும் வந்த சுருக்கத்துக்கு, சீரமைப்பு அறுவை இயலாதவர்க்கு மட்டும், அடுத்த அடைப்பைத் தள்ளிப்போடுவதற்காக வைக்கலாம் என்கிறது. முதுமை, கடுமையான இதய நோய், மயக்கமருந்து தாங்காத உடல்நிலை ஆகியவை உள்ளவர்களே இதற்கு உரியவர்கள். அமெரிக்கச் சங்கமும் விரிப்போ கீறலோ ஒருமுறை தோற்றபின் அதையே திரும்பச் செய்யாமல் யூரித்ரோபிளாஸ்டியைப் பரிந்துரைக்கும்படி மருத்துவர்களுக்குக் கூறுகிறது. பக்லிடாக்சல் மருந்து பூசிய பலூனால் விரிக்கும் முறைக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்தை மட்டும் விட்டுவிட்டுப் பலூன் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடுகிறது. எதையும் உள்ளே விட்டுவைக்காத திசையிலேயே துறை நகர்கிறது என்பதற்கு இதுவும் சான்று.

எளியோருக்கு ஏற்ற இன்னொரு வழியும் உண்டு. 1972இல் அமெரிக்காவின் ஜாக் லாப்பிடெஸ், நோயாளி தாமே சுத்தமான கதீட்டரைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடலாம் என்று நிறுவினார். கீறல் அறுவைக்குப் பின் அதே முறையில் பாதையைச் சுருங்கவிடாமல் காத்துக்கொள்ளப் பலருக்குக் கற்றுத்தரப்படுகிறது. சுசுருத சங்கிதையின் நெய் தடவிய குழாய் நோயாளியின் கைக்கே வந்துசேர்ந்ததுபோல் இது. வலியும் மனச்சலிப்பும் உண்டு என்றாலும் விலை மிகக் குறைவு.

சிவகாசியிலிருந்து பார்க்கும்போது

பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் கூலிக்குச் செல்லும் ஒருவருக்கு இந்த வரலாற்றால் என்ன பயன்? அவருக்கு ஒருநாள் விடுப்பு என்பது ஒருநாள் கூலி. ஆண்டுக்கு இருமுறை விரிப்புக்குச் செல்வது சிறு செலவாகத் தோன்றும். ஆனால் பத்தாண்டில் அது பெரும் இழப்பு. ஒவ்வொரு விரிப்பும் தழும்பை நீட்டிக்கொண்டே போவதால் பின்னால் செய்யவேண்டிய அறுவையும் கடினமாகிறது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. சிவகாசியிலிருந்து ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சிறுநீரியல் துறை உண்டு. தொழிலாளர்க்கு இ.எஸ்.ஐ., ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆகியவையும் இருக்கின்றன. வெட்கத்தால் மறைக்காமல், இரண்டாம் முறை சுருக்கம் வந்தவுடன் சிறுநீரியல் மருத்துவரிடம் சென்று, நிலையான தீர்வுக்கு வழி உண்டா என்று கேட்பதே அறிவுடைமை.

ஸ்டென்ட் பரிந்துரைக்கப்பட்டால் நோயாளி கேட்க வேண்டிய முதல் கேள்வியும் ஒன்றே: இதை என்று எடுப்பீர்கள்? அந்த நாளைத் தீக்காய வார்டில் டியூப் வைத்த நாளைப்போலவே குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். அரக்குக் குழாயை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றச் சொன்ன பழைய நூல் அறிந்திருந்த இதையே, எஃகு வலையை என்றைக்குமாக வைத்துப் பார்த்த நவீன மருத்துவமும் நோயாளிகளின் வலி வழியே மீண்டும் கற்றுக்கொண்டது.